ஒன்பது பத்துக்கு இரண்டு மணவறை

முகூர்த்தத்துக்கு இன்னும் பத்தொன்பது மணித்தியாலம் இருந்தது. அளவெட்டி நாதஸ்வர வித்துவான் சோமசேகரம் கதிரை நுனியில் இருந்தபடி போனை நீட்டினார். கலியாணங்களுக்கு மேளம் பதியும் செயலி அவருக்குக் காட்டியது மானிப்பாய்க் கலியாணத்தை மட்டும்தான். காலையில் இணுவிலிலிருந்து இன்னொரு பெண்ணின் தகப்பன், மேளம் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டிருக்கிறார். அவருக்கும் அதே நாள், அதே ஒன்பது பத்து.

"நல்ல நேரம் எல்லாருக்கும் ஒண்டுதானே. உங்கடை கொம்பியூட்டருக்கு ஊதத் தெரியுமெண்டால் சொல்லுங்கோ, இணுவிலுக்கு அதை அனுப்பிவிடுறன்."

அந்தச் செயலி நிறுவனத்தை நடத்தும் டினேஸ் சிரிக்கவில்லை. தொலைபேசியில் பதிவு எடுக்கும் உதயகலாவிடம் திரும்பினான்.

"பாக்காமல் இணுவிலைப் பதிஞ்சிருக்கிறீர். நாளையிலை இருந்து வரவேண்டாம்."

"பாத்தனான் அண்ணை. அந்த நேரம் வெறுமையாத்தான் கிடந்தது. அம்மாவாணை."

செயலியை எழுதிய தக்சாயினி திரையைத் தன் பக்கம் திருப்பினாள். பக்கத்து மேசை டினேஸிடம் லீவு கேட்பதற்குக்கூட அவள் மெசேச்தான் போடுவாள். அந்த இரண்டு கலியாணமும் பதியப்பட்ட நாளின் பதிவுகளை மறுபடி ஓடவிட்டாள்.

கணினிக்குள் ஒவ்வொரு பதிவும் மற்றவற்றோடு சமகாலத்தில் ஓர் இழையாக ஓடும். ஒவ்வோர் இழைக்கும் இரண்டு எண்கள்: தன் எண்ணிக்கை ஒன்று, மற்றதைப் பற்றிக் கடைசியாக அறிந்தது ஒன்று. பிந்தி வந்தது முந்தியதைக் கண்டிருந்தால் அதன் எண் எதுவும் முந்தியதன் எண்ணைவிடக் குறைந்திராது. திரையில் இணுவிலுக்குத் தன் எண் ஏழு, மானிப்பாயைப் பற்றி அறிந்தது மூன்று. மானிப்பாய்க்குத் தன் எண் ஐந்து, இணுவிலைப் பற்றி அறிந்தது நான்கு. இணுவிலின் ஏழை மானிப்பாய் அறியவில்லை, மானிப்பாயின் ஐந்தை இணுவில் அறியவில்லை. இரண்டும் ஒன்றையொன்று காணாமலே வெறுமையைப் பார்த்து, ஒரே இடத்தில் எழுதியிருந்தன; மானிப்பாய் இணுவிலின் மேலேயே விழுந்து அதை அழித்திருந்தது.

டினேஸ் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "அப்ப உதயகலாவிலை பிழை இல்லையோ?"

பிழை இல்லையென்று தலையாட்டினாள்.

"ஒராள் பதிஞ்சு முடியுமட்டும் மற்றாளை மறிக்கப் பூட்டு ஒண்டு போட்டிருக்கெண்டனீர். அது எங்கை?"

உதயகலா சாப்பாட்டுப் பெட்டியைப் பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். தக்சாயினியின் விரல்கள் பழக்கத்தில் மெசேச் பெட்டியைத் திறந்தன. 'அண்ணை' என்று அடித்தன. பிறகு அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணை."

ஸிப் பாதியில் நின்றது.

"திரை மெதுவா ஓடுதெண்டு நீங்கள் ஏசினனீங்கள். ஒரே நேரத்தை ரெண்டு பேர் ஒரே கணத்திலை கேக்கமாட்டினமெண்டு நினைச்சிட்டன். பூட்டை நான்தான் கழட்டினனான்."