கேன்வாஸின் இடது பக்கம்

அவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகளுக்கு அவள் வேனக்கா. பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, பெற்றோருக்கும் அதுவே அவள் பெயராகிவிட்டது. காலையில் எல்லாரையும் பள்ளியில் இறக்கிவிட்டால், சாயங்காலம் ஏற்றும்வரை சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்குவதுதான் அவள் வேலை.

அவளுடைய நாத்தனாருக்கு அது பொறுக்கவில்லை. "அண்ணி, இப்படியே தூங்கினா ஸ்டியரிங்கோட அச்சு கன்னத்துல விழுந்துடும். என்கூட வாங்க, பெயின்டிங் கத்துக்கலாம்."

"எனக்கு ஸ்கேல் வச்சுப் போட்டாலும் நேர்கோடு வராது."

"நேர்கோடு போட்டா அது பிளான், படமில்ல. வாங்க."

வகுப்பு ஒரு ஸ்டேஷனரிக் கடையின் மாடியில் நடந்தது. சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு இவளைவிடப் பத்து வயதாவது குறைவு. படம் வைக்கிற ஸ்டாண்டுக்குப் பின்னால் போனால் கொண்டை மட்டும்தான் தெரியும் என்பதால், குட்டி டீச்சர் என்று நாத்தனார் பெயர் வைத்துவிட்டாள்.

"இது அக்ரிலிக். தண்ணியில கரையும், காஞ்சா பிளாஸ்டிக் மாதிரி ஒட்டிக்கும்" என்றாள் குட்டி டீச்சர். "பேசிட்டு இருக்கும்போதே காஞ்சுடும், அதனால கொஞ்சமா பிதுக்குங்க. காஞ்சா ஒரு படி கருக்கும், அதையும் கணக்குல வச்சுக்கங்க. பிரஷ்ஷை மட்டும் கழுவாம விட்டுடாதீங்க, அப்புறம் அதால முதுகு சொறியத்தான் முடியும்."

வேனக்காவுக்கு அது பிடித்துப்போனது. நீலத்தோடு வெள்ளையைக் குழைத்தால் காலை வானம் வருவதையும், ஒரு பொட்டு மஞ்சள் விழுந்தால் அது பச்சைக்குத் தாவுவதையும் பார்த்துக் குழந்தைபோலச் சிரித்தாள்.

மூன்றாவது வகுப்பில் மேசைமேல் ஒரு சிவப்புக் கெட்டில், ஒரு எலுமிச்சம்பழம், ஒரு கண்ணாடி ஜாடி என வரிசையாக வைத்திருந்தார்கள். முதலில் பின்னணியை முழுக்கப் பூசிவிட்டு, காய்ந்ததும் பொருள்களை வரையச் சொன்னாள் குட்டி டீச்சர். வேனக்கா குனிந்த தலை நிமிராமல் வரைந்தாள். முடிந்தது என்று பிரஷ்ஷை வைத்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது.

குட்டி டீச்சர் வந்து பார்த்தாள். "நல்லா வந்திருக்குக்கா. கெட்டிலை ஏன் விட்டுட்டீங்க?"

"எந்தக் கெட்டில்?"

நாத்தனார் கொல்லென்று சிரித்தாள். "அவ்வளோ பெரிய கெட்டில் கண்ணுல படலையா அண்ணி?"

வேனக்கா மேசையைப் பார்த்தாள். எலுமிச்சம்பழம் இருந்தது, ஜாடி இருந்தது. தலையை இடப்பக்கம் திருப்பினாள். யாரோ அப்போதுதான் கொண்டுவந்து வைத்ததுபோலக் கெட்டில் வந்து நின்றது.

பிறகு கேன்வாஸையும் தலையைத் திருப்பிப் பார்த்தாள். முழுக்கப் பூசியதாக அவள் நினைத்திருந்த பின்னணி பாதி வழியில் நின்றிருந்தது. இடது பக்கம் மேலிருந்து கீழ்வரை வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"விளையாடறீங்களா அண்ணி?" என்றாள் நாத்தனார். அவள் குரலில் சிரிப்பு இல்லை.

வேனக்கா மறுபடி மேசையை நேரே பார்த்து ஒரு கண்ணைப் பொத்தினாள். கெட்டில் இல்லை. மற்றக் கண்ணைப் பொத்தினாள். அப்போதும் இல்லை. அந்த இடம் இருட்டாக இருந்திருந்தாலும் பரவாயில்லை. அங்கே இருட்டுகூட இல்லை. அப்படி ஒரு இடமே இல்லாததுபோல இருந்தது.

போன வாரம் வேனின் இடது பக்கம் ஒரு மதில்மேல் உரசியது. மதிலைத் தெருவுக்குள் இழுத்துக் கட்டிவிட்டான் என்று அந்த வீட்டுக்காரனோடு சண்டைக்கே போனாள். ஒரு சைக்கிள்காரன் வாயில் வந்தபடி திட்டினான். அன்று காலையில்தான் வண்டியை நகர்த்தியபோது, "வேனக்கா, நான் இன்னும் ஏறலை!" என்று இடப்பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பெண் வீறிட்டாள். அவளை அதட்டி வேறு ஏற்றினாள், ஒழுங்காக நிற்கத் தெரியாதா என்று.

அவள் கைகழுவிவிட்டு மளமளவென்று படியிறங்கினாள். பள்ளி விடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒன்றுமில்லை, தூக்கக் கலக்கம், கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டாள். தலையைத் திருப்பினால் எல்லாம் தெரிகிறதே? அடிக்கடி திருப்பினால் போதும். திருப்பிப் பார்த்தாள். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. நேரே பார்த்து எஞ்சினைப் போட்டாள். கியரை மாற்றினாள். வண்டி அசைந்தது.

தடதடவென்று தகரம் அதிர்ந்தது. பிரேக்கை மிதித்துத் திரும்பினாள். நாத்தனார் வண்டியின் இடது மூலையில், பம்பருக்கு ஒரு சாண் தள்ளி, இரண்டு கையாலும் வேனை அடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"கையை ஆட்டிக்கிட்டே ஓடி வந்தேனே அண்ணி! என்னைத் தெரியலையா?"

தெரியவில்லை. வேனக்கா சாவியைத் திருகி எடுத்தாள். சாவி காலடியில் விழுந்தது, அதை அப்படியே விட்டுவிட்டாள். பள்ளிக்குப் போன் செய்து, "வேற வண்டி அனுப்புங்க. இன்னைக்கு மட்டுமில்ல, இனிமே நான் ஓட்டமாட்டேன்" என்றாள். ஏன் என்று கேட்டார்கள். அதைச் சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது.

கண் மருத்துவர் கண்ணில் கோளாறில்லை என்று சொல்லி ஸ்கேனுக்கு அனுப்பினார். தலையின் பின்பக்கம், வலப்புறத்தில் ஒரு கட்டி இருந்தது. பார்ப்பதற்குச் சாதுவான கட்டிதான், ஆனாலும் எடுத்தாக வேண்டும் என்று அறுவை மருத்துவர் சொன்னார். எடுத்தால் பார்வை திரும்புமா என்றதற்கு, "சொல்ல முடியாதும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தை வீடுவரைக்கும் கூடவே வந்தது.

நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். அதுவரை வீட்டில் சும்மா இருக்கப் பயமாக இருந்தது. பார்வை இன்னும் குறைகிறதா என்று அறிய, தினமும் ஒரு கேன்வாஸின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அதையே உற்றுப் பார்த்தபடி, கண்ணுக்குத் தெரிகிற மட்டும் நீலம் பூசுவாள். எவ்வளவு வெள்ளை மிஞ்சியது என்று தானே பார்க்கத் துணிவில்லை. ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் கடையிலிருந்து கணவர் வந்ததும் காட்டிக் கேட்பாள்.

"என்னங்க, எவ்வளவு இருக்கு?"

"ஓரத்துல ஒரு கோடு மாதிரிதான். நேத்தைவிடக் கம்மி."

அந்தப் பதிலை நம்பித்தான் தினமும் படுத்தாள். ஒரு நாள் அடுப்படிக்குப் போகும்போது, சுவரில் சாய்த்திருந்த கேன்வாஸ்களை வேண்டுமென்றே தலையைத் திருப்பிப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான், வெள்ளை ஓரத்தில் மட்டும்தான் இருந்தது. ஆனால் நீலத்தில் ஏதோ உதைத்தது. அவள் குறுக்குவாட்டில் பூசுகிறவள். இடது பாதியில் மட்டும் பிரஷ் தடம் மேலும் கீழுமாக ஓடியிருந்தது. நிறமும் ஒட்டவில்லை, ஒரு படி கருத்திருந்தது. ஈரத்தில் பார்த்துச் சரி என்று நினைத்த, காய்ந்தால் கருக்கும் என்று தெரியாத ஒருவருடைய கை வேலை அது.

அவர் வந்ததும் கேன்வாஸைத் தூக்கி முன்னால் வைத்தாள். "இது யார் அடிச்ச பெயின்ட்?"

அவர் திருடன்போல முழித்தார். பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "கூடுதா குறையுதான்னு எனக்குத் தெரியலைடா. அந்த வெள்ளையைப் பார்த்தாலே கையும் காலும் ஓடலை. நீ தூங்கினதுக்கப்புறம் அடிச்சு மூடிட்டேன்."

"எனக்கு எவ்வளவு பயமா இருக்கு தெரியுமா? அதுல நீங்க வேற பொய் சொல்றீங்க."

"எனக்கு மட்டும் என்ன? கடையில கம்ப்ரஸரை மாத்தறேன்னு, நல்லா ஓடிட்டிருந்த ஃபிரிட்ஜைப் பிரிச்சுப் போட்டுட்டேன்."

அவள் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே பார்த்தார்கள், மூடாமல்.

அறுவை நல்லபடி முடிந்தது. கட்டியால் வேறு ஆபத்தில்லை என்றும் முடிவு வந்தது. பார்வை முழுக்கத் திரும்பவில்லை. இடப்பக்கம் கீழே கொஞ்சம் வந்தது, மேலே வரவேயில்லை. வேனை வேறொருவர் ஓட்டுகிறார். அவள் அதே வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறாள், ஒவ்வொரு தலையாகத் தொட்டு, எல்லாரும் உள்ளே வந்த பிறகுதான் "ரைட்" சொல்கிறாள்.

பயம் போய்விட்டதா என்றால் இல்லை. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் சோறு இறங்காது. தெருவைக் கடக்கும்போது பக்கத்தில் யாராக இருந்தாலும் கையைப் பிடித்துக்கொள்கிறாள். முன்பின் தெரியாத ஒரு போலீஸ்காரர் ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டு, பேசாமல் கூடவே நடந்து வந்தார்.