நடுவில் நின்ற பந்து

டென்னிஸ் இரட்டையர் இறுதி ஆட்டத்தின் மேட்ச் பாயின்ட்டில் பந்து வந்து நின்றுவிட்டது. பிரிட்டோவுக்கும் ஸ்ரீவத்ஸனுக்கும் நட்டநடுவே, இடுப்பு உயரத்தில், காற்றில் நின்றது. கீழே விழவில்லை. மேலே போகவில்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நடுப்பந்து என்றால் சில நேரம் நிற்கத்தான் செய்யும்.

ஆளுக்கொரு செட் ஆகி, பத்துப் பாயின்ட் டைபிரேக்கில் ஒன்பது–எட்டு. நம்ம ஆட்கள்தான் முன்னிலை. எதிரணி இரண்டு பேரும் வேலியோரம் ஒதுங்கிப்போய் நின்றார்கள். அந்தப் பக்கம் மைதானமே காலி. இந்தப் பந்தை யாராவது சும்மா தட்டிவிட்டால் போதும், கோப்பை சென்னையிலேயே தங்கிவிடும். சொல்வது சுலபம். தட்டுவது யார்?

பிரிட்டோ இடதுகைக்காரன், வலது பக்கம் நிற்பான். ஸ்ரீவத்ஸன் வலதுகைக்காரன், இடது பக்கம் நிற்பான். அதனால் நடுவில் வரும் பந்து இரண்டு பேருக்குமே வாகான பந்து. யார் முதலில் 'எனக்கு!' என்று கத்துகிறானோ அவன் அடிக்க வேண்டும், மற்றவன் ஒதுங்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. ஏழு வருஷமாக ஸ்ரீவத்ஸன்தான் கத்துவான். அவன் கத்தினால் பக்கத்து மைதானத்தில் ஆடுகிறவன் தன் பந்தை விட்டுவிடுவான், அப்படி ஒரு தொண்டை. தூத்துக்குடி பிரிட்டோ ஒருநாளும் வாய் திறந்ததில்லை. மைலாப்பூர்க்காரன் கத்தட்டும், நாம் பாந்தமாக ஒதுங்குவோம் என்று ஒதுங்கி ஒதுங்கியே அவனுக்கு முப்பத்தைந்து வயதாகிவிட்டது.

இன்றைக்கு ஸ்ரீவத்ஸன் கத்தவில்லை.

பிரிட்டோ பந்தை விட்டுவிட்டு அவனைப் பார்த்தான். பந்து நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும். இவன் ஏன் கத்தவில்லை?

"யாருதுப்பா பந்து?" என்று மேலிருந்து குரல் வந்தது. அம்பயர் தில்லைநாயகி அம்மா. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி இரண்டாவது செட்டிலிருந்தே வளர்ந்துகொண்டிருந்தது. இப்போது விளக்குக் கம்பத்தையும் தாண்டிவிட்டது.

இரண்டு பேரும் அவரவர் ராக்கெட்டின் நரம்பைச் சரிபார்த்தார்கள்.

"சொந்தக்காரங்க வந்து எடுத்துக்கிற வரைக்கும் அது அங்கதான் நிக்கும். நான் சாப்பிட்டுடறேன்."

அவர் இறங்கவில்லை. சாப்பாடு கயிற்றில் மேலே போனது. ரசம் கொஞ்சம் சிந்தியது.

காத்திருந்த நேரத்தில் மைதானம் அகலமாகத் தொடங்கியது. தப்பு இவர்கள் மேல்தான். மரியாதைக்காகப் பிரிட்டோ ஓரடி ஒதுங்கினான். அதைப் பார்த்து ஸ்ரீவத்ஸனும் ஓரடி ஒதுங்கினான். ஒதுங்க ஒதுங்க இடையில் ஒரு தெரு முளைத்தது. அப்புறம் ஒரு மருந்துக்கடை, ஒரு சலூன், ஒரு ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு. ஸ்ரீவத்ஸன் தூரத்தில் வெள்ளையாக ஏதோ ஒன்று, அவ்வளவுதான் தெரிந்தது.

"மருந்துக்கடை, சலூன், இடது பக்கம்! ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு!" என்று ஆட்டோக்காரர் கூவினார்.

பிரிட்டோ ஏறிக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் டென்னிஸ் சங்கத்து முடிவு அதிகாரி, குமரகுருபரன். முடிவுகளை வாங்கிப் பேப்பருக்குச் சொல்வது அவர் வேலை. மடியில் வெற்றிக் கோப்பை. கோப்பைக்குள் அவருடைய டிபன் பாக்ஸ்.

"தம்பி, முடிவு என்னாச்சு?"

"இன்னும் வரல சார்."

"வரலன்னா எப்படி? பேப்பர்ல நாலு விரல் இடம் விட்டு வச்சிருக்காங்க. அது காலியா கெடந்தா பக்கத்துல இருக்கிற தங்கம் விலை சரிஞ்சு உள்ள வந்துடும்."

"வந்தா என்ன சார்?"

"என்னவா? நாளைக்குத் தங்கம் ஆறு–நாலு, மூணு–ஆறுன்னு விக்கும். கல்யாணம் வச்சிருக்கிறவன் என்ன பண்ணுவான்?"

பிரிட்டோ கோப்பைக்குள் இருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தான்.

"ஜெயிங்க, இல்ல தோத்துத் தொலைங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். முடிவு வேணும்."

அவர் சொல்வதும் நியாயம்தான் என்று பட்டது. ஆட்டோ சலூனைத் தாண்டி நின்றது. பிரிட்டோ இறங்கினான்.

ஸ்ரீவத்ஸன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் வேலியை ஒட்டி ஒரு விமானம் நின்றது. படி இறக்கியிருந்தது. படியில் பணிப்பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிரிட்டோ விமானத்தைப் பார்த்தான். பார்க்காத மாதிரி இருந்துகொண்டான்.

ஆட்டத்துக்கு நடுவில் கூட்டாளிகள் பேசும்போது பந்தால் வாயை மூடிக்கொள்வது இரட்டையர் ஆட்டத்து வழக்கம். இல்லாவிட்டால் எதிரணி உதட்டைப் பார்த்தே விஷயத்தைக் கறந்துவிடும். இருந்த ஒரே பந்து நடுவில் நின்றது. ஸ்ரீவத்ஸன் பையைத் துழாவி இரண்டு சாத்துக்குடி எடுத்தான். ஆளுக்கொன்றாக வாயருகே பிடித்துக்கொண்டார்கள்.

"ஏன்டே கத்தல?" என்றான் பிரிட்டோ.

"தொண்டை சரியில்ல."

"புளுகாத. காலைல ஓட்டல்ல சட்னி கேட்டு அந்தக் கத்து கத்துன."

ஸ்ரீவத்ஸன் சாத்துக்குடியின் காம்பைக் கிள்ளினான்.

"அந்த பிளேன் யாருக்கு?"

"எனக்குத்தான்டா. மிரோஸ்லாவ்னு ஒருத்தன். ஆறடி ஆறு அங்குலம். அடுத்த வாரத்துலேர்ந்து அவனோட ஆடறேன். மேட்ச் முடிஞ்சதும் ஏறணும்."

பிரிட்டோ இதை எதிர்பார்த்துத்தான் இருந்தான்.

"ஒரு வார்த்த சொல்லலியேடே."

"எப்படிச் சொல்றது? உன் முழங்கால் இன்னும் எத்தனை நாளைக்கு ஓடும்? எனக்கு இதுதான் கடைசி சான்ஸ்டா."

"என் முழங்காலுக்கு என்ன கேடு?"

அவன் முழங்கால் வழியில் மருந்துக்கடையைப் பார்த்ததும் ஆட்டோவிலிருந்து இறங்கிப் போயிருந்தது. பிரிட்டோ அதைச் சொல்லவில்லை.

"சரி, போறவன் கத்திட்டுப் போகவேண்டியதுதானே? ஒரு தட்டு தட்டிருந்தா முடிஞ்சிருக்கும்லா?"

"அதான்டா. முடிஞ்சிருக்கும்."

ஸ்ரீவத்ஸன் சாத்துக்குடியை மூக்கு வரைக்கும் தூக்கிக்கொண்டான். கண் மட்டும் தெரிந்தது. அதுவும் சிவந்திருந்தது.

"வாயைத் தொறந்தேன். வரல. என்னை என்ன பண்ணச் சொல்றே?"

பிரிட்டோவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாத்துக்குடியை விட்டெறிந்தான். அது உருண்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டது.

"அப்போ போகாதலே! போனா நான் யார்கூட ஆடுவேன்? எனக்கு வேற எவனையும் பிடிக்காது. ஏழு வருசமா உனக்கு ஒதுங்கியே பழகிட்டேன். இனிமே எவனுக்குலே நான் ஒதுங்க?"

வாயை மூடாமல் சொல்லிவிட்டான். கேலரியில் முறுக்குத் தின்றவர்கள் பாதிக் கடியில் நிறுத்தினார்கள். வலைக்கு அந்தப் பக்கம் எதிரணி அண்ணனும் தம்பியும் அவன் உதட்டை ஒரு எழுத்து விடாமல் படித்தார்கள். அவர்கள் பேர் நம் வாயில் நுழையாது, நம் மொழி அவர்கள் காதில் நுழையாது. ஆனால் உதட்டைப் படிக்க மொழி எதற்கு? தம்பி அண்ணனைப் பார்த்தான். அண்ணன் ஷூ லேஸைப் பார்த்தான். அவனுக்காகவும் எங்கேயோ ஒரு நெட்டையன் காத்திருக்கிறான் போலிருந்தது.

தில்லைநாயகி அம்மா சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினார். அவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டியதில் சலூன் கரைந்தது, மருந்துக்கடை கரைந்தது, தெருவே கரைந்தது. முழங்கால் அரக்கப்பரக்க ஓடிவந்து பிரிட்டோவிடம் சேர்ந்துகொண்டது. மைதானம் பழைய அகலத்துக்கு வந்தது. பந்து மெல்ல அசைந்தது.

"கடைசியா கேக்கறேன். யாருது?"

"எனக்கு!" என்று ஸ்ரீவத்ஸன் கத்தினான்.

"எனக்கு!" என்று அதே நொடியில் பிரிட்டோவும் கத்தினான். வாழ்க்கையில் முதல் தடவை. கீச்சென்றுதான் வந்தது. இருவரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். ராக்கெட்டும் ராக்கெட்டும் முட்டிக்கொண்டன. பந்து எகிறி, வேலியைத் தாண்டி, விமானத்தின் இறக்கையில் பட்டு விழுந்தது.

"ஒன்பது–ஒன்பது."

குமரகுருபரன் தலையில் அடித்துக்கொண்டார். நேற்று ராக்கெட் பிடித்தவன்கூட இப்படி முட்டிக்கொள்ள மாட்டான். இரண்டு பாயின்ட் வித்தியாசம் இல்லாமல் டைபிரேக் முடியாது. அடுத்த பாயின்ட்டை அண்ணன் தம்பி எடுத்தார்கள். இப்போது மேட்ச் பாயின்ட் அவர்கள் கையில்.

ஸ்ரீவத்ஸன் அடித்த பந்து நேராகப் போய் அந்த இருவருக்கும் நடுவில் நின்றது. அண்ணன் தம்பியைப் பார்த்துக் கையைக் காட்டினான். தம்பி அண்ணனைப் பார்த்துக் கையைக் காட்டினான். கல்யாணப் பந்தியில் நீங்கள் முதலில் உட்காருங்கள் என்பார்களே, அப்படி. பந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. அப்புறம் சலித்துப்போய்க் கீழே விழுந்தது.

"பத்து–பத்து."

அதற்குப் பிறகு நால்வரும் பிரமாதமாக ஆடினார்கள். அப்படி ஒரு ஆட்டத்தை அவர்களே ஆடியதில்லை. மேட்ச் பாயின்ட் வரும்போது மட்டும், பாவம், யாருக்காவது ஏதாவது ஆகிவிடும். ஒருவனுக்குத் தும்மல். இன்னொருவனுக்குக் கண்ணில் தூசி. அறுபது–அறுபதில் குமரகுருபரன் பேப்பர் ஆபீசுக்குப் போன் போட்டு, தங்கம் விலையை உள்ளே விட்டுவிடச் சொன்னார். சொல்லிவிட்டுக் கேலரியில் போய் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். கையும் தட்டினார்.

எழுபத்திரண்டு–எழுபத்திரண்டில் பணிப்பெண் படியை உள்ளே இழுத்துக்கொண்டாள். விமானம் வேலியோரமாக ஓடி எழும்பி, மைதானத்துக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. நால்வரும் ஆட்டத்தை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்கள்.

"உன் பெட்டி?" என்றான் பிரிட்டோ.

"அதுலதான் போறது."

"துணியெல்லாம்?"

"எல்லாம்தான். பல் தேய்க்கற பிரஷ்கூட."

பிரிட்டோ கொஞ்சம் யோசித்தான். "என் சட்ட உனக்குத் தொளதொளன்னு இருக்குமேடே."

"பரவால்லடா," என்றான் ஸ்ரீவத்ஸன். "சர்வ் போடு."

பிரிட்டோ சர்வ் போட்டான்.