கொரினின் முன்பற்கள்

புதன்கிழமை வந்தால் கொரின் லெவெக்குக்கு ஏதாவது ஒரு நோவு வந்துவிடும். போன புதன் இருமல். அதற்கு முந்தின புதன் வயிற்றுப் புரட்டல். இந்தப் புதன்கிழமை அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே மிஸ் ஹாஸ்கெல் கையை உயர்த்திவிட்டார்.

"வேணாம் கொரின். இன்னிக்கு என்ன வியாதியா இருந்தாலும் எங்கிட்ட சொல்லாதே. நீ நாற்காலியில உட்காரணும். ஒருத்தர் வாயை இன்னொருத்தர் அளவு எடுக்காம யாரையும் டாக்டருங்ககிட்ட பயிற்சிக்கு அனுப்ப முடியாது. அது நான் போட்ட சட்டம் இல்ல."

கொரின் தலையை ஆட்டினாள். கோட்டை மாட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

பல் மருத்துவருக்கு உதவியாளர் ஆவதற்கான இரண்டு வருடப் படிப்பு அது. ஆற்றங்கரையில் மூடிக்கிடக்கும் நெசவு ஆலைகளைத் தாண்டி, மேட்டில் இருக்கிற ஊர்க் கல்லூரி. வகுப்பில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்தவர்கள். மீதிப் பேர் வேறெங்கோ முதுகொடிந்து வந்தவர்கள். முடி வெட்டுகிற வேலையில் தோள்பட்டை போனவள் ஒருத்தி. இரண்டு பிள்ளைகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, இரவெல்லாம் ஓட்டலில் தட்டு ஏந்தி நின்ற காலோடு வருகிறவள் ஒருத்தி. ஏன் இந்தப் படிப்பு என்று முதல் நாள் கேட்டபோது ஆளுக்கு ஒரு நல்ல காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணம் எல்லாருக்கும் ஒன்றுதான். பல் டாக்டர்கள் வெள்ளிக்கிழமை மத்தியானமே கடையை மூடிவிடுவார்கள். சனி ஞாயிறு வேலை இல்லை. இரவு வேலை இல்லவே இல்லை.

கொரினுக்கு நாற்பத்து மூன்று வயது. முதியோர் இல்லத்தில் ஆட்களைப் புரட்டிப் படுக்க வைத்தே இளமை முழுக்கப் போனது. இப்போதும் சாயங்காலம் அங்கேதான் வேலை. காலையில் கல்லூரி, மாலையில் முதியோர் இல்லம், இடையில் காரிலேயே ஒரு சாண்ட்விச். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு இப்போது அவள் முகத்தின் நிறமாகவே ஆகிவிட்டது.

அவளுடைய ஜோடி இஃப்ரா. சோமாலியக் குடும்பம், பிறந்து வளர்ந்தது இந்த ஊரில். இருபத்திரண்டு வயது. கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை போக மிச்ச நேரத்தில் படிக்கிறாள். வயதில் மூத்த பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு வாய் வராது. வீட்டு வழக்கப்படி அத்தை என்றுதான் கூப்பிடுவாள். முதலில் கொரினுக்கு அது பிடிக்கவில்லை. "நான் என்ன கிழவியா?" என்று முறைத்திருக்கிறாள். பிறகு பழகிவிட்டது.

முதலில் கொரின்தான் இஃப்ராவுக்கு அளவு எடுத்தாள். ரோஜா நிற மாவைத் தண்ணீரில் குழைத்து, தட்டில் நிரப்பி, வாய்க்குள் வைத்து அழுத்தினாள். இஃப்ராவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வழிந்தது.

"மூக்கால மூச்சு விடு. கால் கட்டைவிரலை ஆட்டு. அதையே நினைச்சுக்கோ. அவ்வளவுதான், அவ்வளவுதான்."

மாவு இறுகியதும் ஒரே இழுப்பில் எடுத்தாள். பல் ஒன்றுகூட விடாமல் அச்சு விழுந்திருந்தது. ஹாஸ்கெல் எட்டிப் பார்த்து, "நல்லா வந்திருக்கு," என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார்.

"இப்போ நீங்க வாங்க அத்தை. பழி வாங்கறேன்."

கொரின் எழுந்து நின்றாள். உட்காரவில்லை. "ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள். ஒரு நிமிஷம் நீண்டுகொண்டே போனது. இஃப்ரா தேடிக்கொண்டு வந்தபோது அவள் கண்ணாடிக்கு முன்னால் இரண்டு கையையும் ஊன்றி நின்றிருந்தாள்.

"பயமா இருக்கா? நான் மாவை நல்லாத்தான் கலக்குவேன்."

"மாவு இல்ல," என்றாள் கொரின். "மேல முன்பல் ஐஞ்சும் எனக்குச் சொந்தமில்ல. பல்செட். அளவு எடுக்கணும்னா அதைக் கழட்டணும்."

"சரி, கழட்டுங்க."

"நீ ரொம்ப சுலபமா சொல்லிட்ட. என் புருஷனே என்னைப் பல்செட் இல்லாம பார்த்ததில்ல. மாட்டிக்கிட்டேதான் தூங்குவேன். ராத்திரி கழட்டி வைக்கணும்னு முதியோர் இல்லத்துல எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கேன், தெரியுமா?"

அவளுக்கு இருபத்தொன்பது வயதில், கல்யாணத்துக்கு முன்பே, அந்தப் பற்கள் போயின. அப்போது அரசுக் காப்பீட்டில் பெரியவர்களுக்குப் பல்லைப் பிடுங்க மட்டும்தான் பணம் உண்டு, அடைக்கவோ காப்பாற்றவோ கிடையாது. வலி பொறுக்காமல் போய் நாற்காலியில் சாய்ந்தாள். எழுந்தபோது வாய் நிறையப் பஞ்சு.

இஃப்ரா கண்ணாடியில் அவள் வாயைப் பார்த்தாள். பிறகு, "எனக்கு லாபம்தான்," என்றாள். "அஞ்சு பல்லு குறைஞ்சா வேலை குறைஞ்சது. நடங்க."

கொரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சூட்டிலேயே பல்செட்டைக் கழற்றி, ஒரு டிஷ்யூவில் சுற்றி உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். மேலுதடு உள்ளே மடிந்துபோயிற்று. முகமூடியை மூக்குவரை ஏற்றிக்கொண்டு திரும்ப வந்து நாற்காலியில் சாய்ந்தாள். டிஷ்யூவைப் பக்கத்துத் தட்டில் வைத்தாள்.

மாவு வாய்க்குள் சில்லென்று இறங்கியது. கொரின் கண்ணை மூடிக்கொண்டாள். இஃப்ராவின் விரல்கள் ஆடாமல் பிடித்திருந்தன. அந்தக் கொஞ்ச நேரத்தில், கூசிக் கூசி வைத்திருந்த ஏதோ ஒன்று அவளைவிட்டு இறங்கினாற்போல இருந்தது. அப்படியே தூங்கிவிடலாம் போலவும் இருந்தது. அவ்வளவு அசதி.

அளவை எடுத்துக்கொண்டு இருவரும் மறுகோடியில் இருந்த மேசைக்குப் போய், பல் வார்ப்புக்காக அதில் வெள்ளைச் சாந்து ஊற்றினார்கள். திரும்பி வந்தபோது நாற்காலி பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது. தட்டில் ஒன்றுமில்லை.

"ஷெல்பி," என்றாள் கொரின். முகமூடிக்குள் அவள் குரல் குழறியது. "இங்க ஒரு டிஷ்யூ இருந்ததே?"

அன்று சுத்தம் செய்யும் முறை ஷெல்பியுடையது. பத்தொன்பது வயது. எப்போதும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்கிற பெண். "குப்பையில போட்டுட்டேன். ஏன்? பையைக் கட்டி அப்பவே எடுத்துட்டுப் போயிட்டாங்களே."

"அதுல என் பல்லு இருந்தது."

ஷெல்பி முதலில் ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு கொரினின் கண்ணைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

மூன்று பேரும் மெல்லிய கோட்டோடு பின்கட்டுக்கு ஓடினார்கள். மார்ச் மாதத்துப் பனி பாதி உருகி, சேறாகக் கிடந்தது. பெரிய இரும்புத் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார்கள். அடியில் ஒரு உடைந்த நாற்காலி மட்டும் கிடந்தது. குப்பை லாரி சற்றுமுன்தான் வந்துபோயிருந்தது. சேற்றில் சக்கரத்தடம் ஈரமாக இருந்தது.

ஷெல்பி அங்கேயே நின்று விம்ம ஆரம்பித்தாள். "நான் பிரிச்சுப் பார்த்திருக்கணும். உங்க பல்லைப் போய்... ஐயோ, நான் என்ன பண்ணுவேன்?"

"அழாதடி. டிஷ்யூவுல சுத்தி வச்சது யாரு? நான்தானே?" என்றாள் கொரின். முதியோர் இல்லத்தில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவள் முதலில் சொல்வதே அதுதான்: பல்செட்டைக் காகிதத்தில் சுற்றாதே, யாராவது குப்பை என்று போட்டுவிடுவார்கள். தன் மேலேயே கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. ஷெல்பியின் முதுகைத் தட்டிக்கொடுத்து உள்ளே கூட்டிப்போனாள்.

அன்று மாலை முகமூடியோடு வேலை பார்த்தாள். அங்கே யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்குப் போனபோது அவள் கணவன் ரே, மரக்கட்டை லாரியை நிறுத்திவிட்டு வந்து, அடுப்பில் பீன்ஸ் சூடு பண்ணிக்கொண்டிருந்தான். சிவப்புத் தோல் சாசேஜ் இரண்டை வாணலியில் உருட்டிவிட்டுத் திரும்பினான்.

"என்ன, வீட்டுக்குள்ளயும் முகமூடி? காய்ச்சலா?"

அவள் முகமூடியைக் கழற்றினாள்.

ரே பார்த்தான். கரண்டி கையிலேயே இருந்தது. "எங்கம்மா மாதிரியே இருக்க," என்றான்.

ரேயின் அம்மாவைக் கொரினுக்கு அறவே பிடிக்காது. அது ரேக்கும் தெரியும். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது போலும். கரண்டியால் தன் நெற்றியிலேயே தட்டிக்கொண்டான்.

"வேற யாரும் கிடைக்கலையா உனக்கு?" என்றாள் கொரின்.

"பயத்துல வந்துடுச்சு. வலிக்குதா?"

"வலிக்கல. அசிங்கமா இருக்கு."

"இவ்வளவு நாளா எனக்குத் தெரியாமயா வச்சிருந்த?"

"நீ என்னிக்கு என்னை நிமிர்ந்து பார்த்த? சோத்தைப் போட்டா டி.வியைப் பார்ப்ப."

அவன் அடுப்பை அணைத்தான். சாசேஜைப் பொடியாக நறுக்கி அவள் தட்டில் போட்டான். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அவன் டி.வியைப் போடவில்லை. அவளைப் பார்க்கவும் முயற்சி செய்தான். பார்ப்பான், கண்ணைத் தாழ்த்துவான், மறுபடி பார்ப்பான். அது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

திங்கட்கிழமை டாக்டர் வின்ஸ்லோவிடம் நேர்காணல். ஊருக்கு வெளியே கண்ணாடிக் கட்டடம், வாசலில் மீன்தொட்டி. பயிற்சிக்கு எல்லாரும் ஆசைப்பட்ட இடம் அதுதான், பயிற்சி முடித்தவர்களை அவரே வேலைக்கும் வைத்துக்கொள்வார். புதுப் பல்செட் வர மாதக்கணக்காகும். நாளைத் தள்ளிவைக்கச் சொல்லட்டுமா என்று ஹாஸ்கெல் கேட்டார். "தள்ளி வச்சா மட்டும் பல்லு முளைக்கவா போகுது மிஸ்?" என்று சொல்லிவிட்டுக் கொரின் நேர்காணலுக்குப் போனாள்.

வின்ஸ்லோ மரியாதையானவர். எழுந்து கை கொடுத்தார். முகமூடியைக் கழற்றச் சொல்லவில்லை. அவளாகத்தான் கழற்றினாள், மறைத்துக்கொண்டு பேச மனம் வரவில்லை. நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே மேசையிலிருந்த பேனாவை நேராக வைத்தார். அப்புறம் இன்னும் நேராக வைத்தார்.

"உங்க மதிப்பெண் எல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா பாருங்க, இங்க வர்றவங்க முதல்ல பார்க்கறது உங்க முகத்தைத்தான். சிரிப்பை நம்பித்தான் எங்க தொழிலே. நீங்க தப்பா எடுத்துக்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன்."

"இல்ல டாக்டர்," என்றாள் கொரின். தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க வழி எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

அந்த இடம் ஷெல்பிக்குக் கிடைத்தது. ஷெல்பி கார் நிறுத்துமிடத்தில் வழிமறித்து, "நான் போக மாட்டேன். அது உங்க இடம்," என்றாள். மறுபடி கண் கலங்கியிருந்தது.

"நீ போகலேன்னா வேற யாராவது போவாங்க. எப்படியும் எனக்குக் கிடைக்காது. போய் ஒழுங்கா வேலை கத்துக்க. குப்பையைப் பிரிச்சுப் பார்த்துட்டுப் போடு."

காருக்குள் உட்கார்ந்த பிறகுதான் கொரின் அழுதாள். கொஞ்ச நேரம்தான். வேலைக்கு நேரமாகிவிட்டது.

அவளைப் பழைய ஆலைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த ஏழைகளுக்கான பல் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே போக யாரும் ஆசைப்படுவதில்லை. டாக்டர் ஆஸ்குட் பருத்த பெண், நரைத்த தலை. கொரின் போன காலையில் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே முட்டை தின்றுகொண்டிருந்தார்.

"கல்லூரிப் பொண்ணா? பஞ்சு அந்த அலமாரியில. ஊசி இங்க. வெளியில பதினோரு பேர் உட்கார்ந்திருக்காங்க. முகமூடியை எடு, பார்க்கறேன். ஹாஸ்கெல் சொன்னாங்க."

கொரின் எடுத்தாள். ஆஸ்குட் அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"ஈறு நல்லா ஆறியிருக்கு. எங்க பிடுங்கினாங்க?"

"இந்த ஊர்லதான். அப்போ ஆத்துப் பாலத்துக்கிட்ட இருந்த கிளினிக்."

"எப்போ?"

சொன்னாள். ஆஸ்குட் தாடையிலிருந்து கையை எடுத்தார். மிச்ச முட்டையை வாயில் போட்டு மெதுவாக மென்றார்.

"அப்போ அங்க நான்தான் இருந்தேன். புதுசா வந்த வருஷம். காலையில ஆரம்பிச்சு சாயங்காலம் வரைக்கும் பிடுங்கறதுதான் வேலை. உன் முகம் ஞாபகமில்ல. யார் முகமும் ஞாபகமில்ல."

"எனக்கும் இல்ல. கண்ணை மூடிக்கிட்டிருந்தேன்."

"காப்பாத்தியிருக்கலாம். ஐஞ்சையும் இல்ல, மூணையாவது. நேரமும் இல்ல, அதுக்குப் பணமும் வரல." ஆஸ்குட் கையைத் துடைத்துக்கொண்டார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. "சனிக்கிழமை காலையில வா. கூட்டம் இருக்காது. நானே அளவு எடுக்கறேன்."

தனக்குக் கோபம் வரும் என்று கொரின் எதிர்பார்த்தாள். வரவில்லை. தன்னைப்போலவே இந்தப் பெண்ணுக்கும் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி, வர்றேன்," என்றாள்.

மே மாதம் படிப்பு முடிந்தது. இஃப்ரா மேற்படிப்புக்கு மனுப் போட்டாள். ஷெல்பி வின்ஸ்லோவிடமே வேலைக்குச் சேர்ந்தாள். கொரினை ஆஸ்குட் விடவில்லை, அவளும் போக நினைக்கவில்லை. முதியோர் இல்லத்தில் கணக்கு முடித்துக்கொண்டு வந்துவிட்டாள். புதுப் பல்செட் கோடையில் வந்தது. இடப்பக்கம் கொஞ்சம் உறுத்தியது. அதைத் தேய்த்துக் கொடுக்க ஆஸ்குட்டுக்கும், கேட்க அவளுக்கும் நேரம் வாய்க்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டுக்குப் போகலாம் என்று கையுறையைக் கழற்றும்போது, மீன்பிடி பூட்ஸ் போட்ட ஒரு ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கன்னம் வீங்கியிருந்தது. என்ன கேட்டாலும் வாயைக் கையால் மூடிக்கொண்டே தலையசைத்தார். திறக்கச் சொன்னால் மட்டும் கூரையைப் பார்த்தார்.

கொரின் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டாள். முக்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவசரமே இல்ல," என்றாள். "எனக்கும் கால் வலிக்குது. கொஞ்சம் உட்கார்ந்திருப்போம்."