நாலு மணிக்குப் பசிக்கிறதா

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருட்டுதான். காரிமங்கலத்தில் பஸ் ஏறித் தருமபுரிக்கு வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் தையல் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய இரண்டு பெண்கள். ஒருத்தி சொன்னாள்: "மத்தியானம் தின்ன களி இன்னும் வயித்துல கெட்டியா நிக்குது. ஆனா அந்தப் பத்து நிமிசம் போச்சே." மற்றவள், "நாமதான போக்கிக்கிட்டோம்" என்றாள். பெரியாம்பட்டியில் இறங்கிப் போய்விட்டார்கள்.

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். கம்பெனி, கேன்டீன், அமுதவல்லி, மேனேஜர் எல்லாம் என் கைவேலை. நல்ல கைவேலை என்று நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப்போகிறார்கள்.

தவிர, பசி விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்கு நாலு இட்லி தின்றால் பத்தரைக்கெல்லாம் வயிறு கூப்பிடும். அதே எட்டு மணிக்கு ஒரு களி உருண்டையும் கொள்ளுக் கடைசலும் தின்றால் ஒரு மணி வரைக்கும் சோற்று நினைப்பே வராது. ஐம்பது வயது வரை தினமும் சோதித்துப் பார்த்திருக்கிறேன். (இந்தப் பகுதியை எழுதும்போது மணி பதினொன்று. காலையில் இட்லி. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "விடிந்தும் விடியாத வேளையில் அமுதவல்லி அடுப்பைப் பற்றவைத்தாள்." பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அவளுக்கு வேலை ஏழரைக்குத்தான், அடுப்பு கேஸ் அடுப்பு. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "பசி என்பது மனித குலத்தின் ஆதி" - இதை எழுதியவனை உதைக்க வேண்டும். நானேதான். அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "அமுதவல்லியின் சாப்பாடு தாங்கும்." இது நிற்கிறது. இதிலேயே ஆரம்பிக்கலாம்.

3

அமுதவல்லியின் சாப்பாடு தாங்கும். ஏரியூர்ப் பக்கம் பிறந்து காரிமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவள், வயது நாற்பத்து நாலு, கணவன் மாங்காய் மண்டியில் சுமை இறக்குகிறான். கம்பெனி கேன்டீனுக்கு அவள் வந்து எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் ஒரு கான்ட்ராக்டர் வேனில் சாப்பாடு கொண்டுவந்தான். வெள்ளைச்சோறு, முகம் பார்க்கிற மாதிரி சாம்பார். பன்னிரண்டரைக்கு வயிறு முட்டத் தின்ற பெண்களுக்கு இரண்டரைக்குக் கண் இருட்டும். ஒருத்திக்குக் கை நடுங்கி ஊசி விரலில் இறங்கியது. அதற்குப் பிறகுதான் அவனை நிறுத்திவிட்டு இவளைக் கூப்பிட்டார்கள்.

இவள் வந்ததும் திங்களும் வியாழனும் களி, அவரைக்கொட்டைக் குழம்பு. செவ்வாய்க்கிழமை சாமைச்சோறும் கொள்ளு ரசமும். மற்ற நாளில் அரிசிச் சோறுதான், ஆனால் கீரையும் கெட்டிப் பருப்பும் கூட வரும். நூற்றெண்பது பேர். யாரிடமும் அவள் "நல்லா இருந்துச்சா" என்று கேட்டதில்லை. ஐந்தரைக்கு ஷிப்ட் விட்டுப் பெண்கள் வெளியே வரும்போது கேட்டருகே நின்றுகொண்டு ஒரே கேள்விதான் கேட்பாள்.

"தாங்குச்சா?"

"தாங்குச்சுக்கா" என்பார்கள். அந்தப் பதிலுக்காகவே அவள் அரை மணி நேரம் தாமதமாக வீட்டுக்குப் போனாள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: வயிறு நிறைவது வேறு, தாங்குவது வேறு. தவிடு நீக்கிய அரிசி சீக்கிரம் கரைந்துவிடும். நாரும் பருப்பும் உள்ள சாப்பாடு மெல்ல இறங்கும். ஒரு வேளைச் சாப்பாடு மூன்று மணி நேரம் தாங்கினால் சரி, நாலு தாங்கினால் நல்லது, ஐந்து தாங்கினால் கும்பிட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் கேட்பவர் சாப்பாடு கேட்கவில்லை, சிமெண்ட் கேட்கிறார்.)

4

மேனேஜர் மாதவராஜில்தான் தடுமாறினேன்.

முதல் பிரதியில் அவருக்குத் தடித்த மீசை, கையில் மோதிரங்கள், பெண்களைப் பார்த்து "ஏய்" என்கிற வாய். எழுத சுகமாக இருந்தது. ஆனால் வில்லனைக் கொண்டுவந்துவிட்டால் வாசகருக்கு வேலை மிச்சம், திட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். அதனால் மீசையை மழித்தேன். இப்போது இருக்கும் மாதவராஜ் சேலத்துக்காரர், யாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். மத்தியானம் கேன்டீன் சாப்பாட்டையே தன் அறைக்கு வரவழைத்துச் சாப்பிடுவார். களி அன்றைக்கு ஒரு உருண்டை கூடக் கேட்பார். நல்ல மனுஷன். இந்தக் கதையில் நடக்கிற கெடுதல் அவ்வளவும் நல்ல மனுஷர்கள் செய்ததுதான், அதை மாற்ற எனக்கு விருப்பமில்லை.

அந்த நல்ல மனுஷன் ஒருநாள் போனில் பசியைப் பற்றி ஒரு வீடியோ பார்த்தார். சரியான சாப்பாடு சாப்பிட்டால் நாலைந்து மணி நேரத்துக்கு இடையில் எதுவும் தேவையில்லை என்று அதில் ஒருவர் சொன்னார். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, ஐந்தரைக்கு ஷிப்ட் முடிகிறது. இடையில் நாலு மணிக்குப் பத்து நிமிஷம் டீ பிரேக், ஒரு டம்ளர் டீயும் இரண்டு பிஸ்கட்டும். மாதவராஜ் யோசித்தார். யோசித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஒரு தாள் அச்சடித்தார்: நாலு மணிக்குப் பசிக்கிறதா? ஆம், இல்லை. பத்து நாளைக்கு லைன் லைனாகக் கொடுத்து டிக் அடித்து வாங்கச் சொன்னார்.

எதற்கு என்று தாளில் போடவில்லை. அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

5

காரணம் போடாத தாளுக்குக் காரணத்தைப் படிக்கிறவர்களே எழுதிக்கொள்வார்கள். சூப்பர்வைசர் பெரியண்ணன் தாளைக் கொடுக்கும்போது சும்மா இல்லாமல், "கேன்டீன் அம்மாவ மாத்தப் போறாங்களோ என்னமோ. பழைய ஆளு வந்து ஆபீஸ்ல உக்காந்திருந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பழைய கான்ட்ராக்டர் பாக்கிப் பாத்திரத்தை எடுக்க வந்திருந்தான். அதை யார் விசாரித்தார்கள்.

மூன்றாம் லைனில் காலர் தைக்கிற நிர்மலாதேவி மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "இதப் பாருங்க. யாராச்சும் பசிக்குதுன்னு டிக் போட்டீங்கன்னா அக்காவ வூட்டுக்கு அனுப்பிருவாங்க. அப்புறம் அந்தத் தண்ணி சாம்பாருதான். எல்லாரும் இல்லைன்னே போடுங்க."

போட்டார்கள். பத்து நாளும், நூற்றெண்பது பேரும். யாரும் அதைப் பொய் என்றே நினைக்கவில்லை. எங்கள் பக்கம் சோறு போட்டவர் பசிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வோம். பசிக்கிறது என்றால் நீ போட்டது பத்தவில்லை என்று அர்த்தம். அப்படிச் சொல்லிவிட்டு மறுநாள் அவள் முகத்தில் எப்படி முழிப்பது.

பதினோராம் நாள் போர்டில் அறிவிப்பு: "கேன்டீன் உணவின் தரம் சிறப்பாக உயர்ந்துள்ளதால் மாலை நான்கு மணி இடைவேளை நிறுத்தப்படுகிறது. தேநீர் அவரவர் மெஷினுக்கே வரும்."

அமுதவல்லிக்கு அதைப் படித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. இதை மறைத்து அவளைப் பெரிய மனுஷியாக்க எனக்கு ஆசைதான், ஆனால் அவள் மலர்ந்தாள். போர்டைப் போட்டோ பிடித்து ஏரியூரில் இருக்கிற தங்கச்சிக்கு அனுப்பினாள். அன்று சாயங்காலம் கேட்டருகே நின்று "தாங்குச்சா?" என்றபோது பாதிப் பேர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்கள். மீதிப் பேர் அதுவும் இல்லை.

6

(இந்த இடத்தில் அமுதவல்லியின் சிறுவயதுப் பட்டினியைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. எடுத்துவிட்டேன். நன்றாகச் சமைக்கிறவளுக்கெல்லாம் பட்டினி கிடந்த காலம் ஒன்று இருந்தே தீர வேண்டுமா என்ன.)

7

மூன்றாம் நாள் மத்தியானம், பந்தி முடிந்து அண்டா கழுவுகிற நேரத்தில் நிர்மலாதேவி சமையல்கட்டுக்கு வந்தாள்.

"அக்கா, ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே."

"சொல்லு."

"அந்தப் பத்து நாள்ல எனக்குப் பசிச்சுதுக்கா."

அமுதவல்லி குழாயை நிறுத்தினாள். "களி அன்னைக்குமா?"

"களி அன்னைக்கு இல்லக்கா. சோத்து நாள்ல."

"அப்ப ஏன் இல்லைன்னு போட்ட?"

"உங்கள மாத்திருவாங்கன்னு பயந்துக்கிட்டு எல்லாரும் போட்டோம். நான்தான் போடச் சொன்னேன்."

அமுதவல்லிக்குச் சுருக்கென்றது. எட்டு மாதமாகக் கேட்டருகே நின்று வாங்கின பதில்களில் எத்தனை இப்படி வந்தவை என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. கோபம்கூட வந்தது. பசித்தால் பசிக்கிறது என்று சொல்லித் தொலைய வேண்டியதுதானே, நாளைக்கே பருப்பைக் கூட்டிப் போட்டிருப்பேனே.

"டீதான் மெஷினுக்கு வருதில்ல. அப்புறம் என்ன?"

நிர்மலாதேவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கை ஈரமாகவே இல்லை.

"டீக்கு இல்லக்கா. எம் பொண்ணு அஞ்சாவது படிக்குது. நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்துலருந்து வந்து அதுவே பூட்டத் தொறக்கும். அவங்கப்பா பெங்களூர்ல. போனை லாக்கர்ல வெச்சிட்டுத்தான் மெஷின்ல உக்காரணும், உங்களுக்கே தெரியும். பிரேக்ல ஓடிப் போயி ஒரு போனு. உள்ள தாப்பா போட்டுட்டியா, அடுப்புக்கிட்ட போவாதன்னு ரெண்டு வார்த்த. இப்ப ரெண்டு நாளா அஞ்சர வரைக்கும் எனக்குத் தையலே நேரா வரல."

அந்தப் பத்து நிமிஷத்தை அமுதவல்லி சமையல்கட்டு ஜன்னல் வழியாக எட்டு மாதமாகப் பார்த்தவள்தான். புங்கமரத்தடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறவர்கள், செருப்பைக் கழற்றிக் காலை நீட்டுகிறவர்கள், லாக்கர் பக்கம் ஓடுகிறவர்கள். பிஸ்கட்டைப் பாதிப் பேர் தின்றதே இல்லை, பிள்ளைகளுக்கென்று பையில் போட்டுக்கொள்வார்கள். பார்த்திருந்தும் போர்டைப் போட்டோ பிடித்தோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் போட்டோவைத் தங்கச்சி இன்னும் நாலு பேருக்கு அனுப்பியிருந்தாள்.

"சரி, நான் சார்கிட்ட பேசுறேன்."

"என்னன்னுக்கா பேசுவீங்க? பசிக்குதுன்னா உங்க சாப்பாடு தாங்கலன்னு ஆயிரும், அந்தக் கான்ட்ராக்டர் வந்துருவான். பசிக்கலன்னா பிரேக் எதுக்கும்பாங்க."

8

வாசகரே, நிர்மலாதேவி சொல்வது சரிதான். இரண்டு பக்கமும் கதவைச் சாத்தியாகிவிட்டது. சாத்தியவன் நான்தான் என்றாலும் திறக்கிற வழி எனக்கும் தெரியவில்லை. மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) அமுதவல்லி வேண்டுமென்றே சாப்பாட்டைக் கெடுக்கிறாள். குழம்பில் தண்ணீர், கீரை இல்லை, பருப்பு பாதி. மூன்றரைக்கு எல்லோருக்கும் கண் இருட்டும், பிரேக் திரும்பி வரும். எழுதினேன். செம்பு நிறையத் தண்ணீரை அண்டாவுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் முழுக்க நின்றாள், ஊற்றவில்லை. நான் ஊற்று ஊற்று என்றேன். கதாபாத்திரம் எழுத்தாளன் பேச்சைக் கேட்கவில்லை என்பது பழைய பம்மாத்து என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அவள் ஊற்றவில்லை.

(ஆ) நாலு மணிக்கு நூற்றெண்பது மெஷினும் ஒரே நேரத்தில் நிற்கின்றன. பெண்கள் எழுந்து நிற்கிறார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, அதனாலேயே சந்தேகம் வந்தது. பஸ்ஸில் "போச்சே" என்ற பெண்ணின் குரலில் மெஷினை நிறுத்தியவளின் குரல் இல்லை. நடக்காததை நடந்த மாதிரி எழுதி நான் மட்டும் நிம்மதியாகத் தூங்குவது நியாயமில்லை.

(இ) "என் சாப்பாடு தாங்காதுங்க சார்" என்று அமுதவல்லி பழியை ஏற்று, வேலையை விட்டு - வேண்டாம். அவள் சாப்பாடு தாங்கும். கதை முடிய வேண்டும் என்பதற்காக அவளைப் பொய் சொல்ல வைக்க மாட்டேன்.

பேனாவை மூடிவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அமுதவல்லி ஏற்கெனவே மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள்.

9

வியாழக்கிழமை. மணி நாலு ஆக இரண்டு நிமிஷம் இருந்தது. மேனேஜர் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். என்ன பேசப்போகிறோம் என்று படியேறுகிற வரைக்கும் அவளுக்கே தெரியாது. மாதவராஜ் நாற்காலியைப் பின்னால் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். செருப்பு மேசைக்கு அடியில் தனியாகக் கிடந்தது. கையில் டீ. மேசையில் போன், அதில் ஒரு சின்னப் பையன் வீடியோவில் நோட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். "அப்புறம் பேசறேன்டா" என்று அதை அணைத்தார்.

"வாங்கம்மா. உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. "சார், மத்தியானம் நம்ம சாப்பாடுதான சாப்டீங்க?"

"பின்ன? களியும் அவரைக்கொட்டையும். ரெண்டு உருண்டை."

"இப்பப் பசிக்குதுங்களா?"

"சுத்தமா இல்லம்மா. ஏழு மணி வரைக்கும் தாங்கும். அதான் உங்க கை."

புகழ்ச்சி அவள் காதில் விழுந்தது. இந்தத் தடவை அவள் மலரவில்லை.

"அப்ப அந்த டீ எதுக்குங்க சார்?"

மாதவராஜ் டம்ளரைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார், மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார். அணைந்த போனையும் பார்த்தார். நல்ல மனுஷன் என்று சொன்னேனே, பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அது வந்தும்மா, பசிக்குன்னு இல்ல. சும்மா இந்த நேரத்துல கொஞ்சம்"

10

இந்த வாக்கியத்தை முடிக்க நாலு நாளாக முயற்சி செய்கிறேன். 'கொஞ்சம்' என்பதற்குப் பிறகு நான் எந்த வார்த்தையைப் போட்டாலும் அது கீழே மெஷினில் குனிந்திருக்கிற நூற்றெண்பது பேருக்கும் பொருந்திவிடுகிறது. மாதவராஜுக்கும் அது தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், அதனால்தான் நிறுத்திவிட்டார்.

இனி நீங்கள் முடியுங்கள். ஆனால் நிதானமாக யோசித்துச் சொல்கிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். மணி நாலு ஐந்து. நிர்மலாதேவியின் மகள் பூட்டைத் திறந்துகொண்டு வீட்டுக்குள் போகிறாள்.