இடி இல்லாத ஊரிலிருந்து

இந்தக் காலத்தில் சாவுக்கு வருகிறவர்கள் மாலையைப் போட்ட கையோடு செல்லை எடுத்துவிடுகிறார்கள். கலியபெருமாளுக்கு ஒருத்தரையும் பிடிக்கவில்லை. இப்போது மகள் துர்காவே அவர் முகத்துக்கு நேரே ஒன்றை நீட்டினாள்.

“அண்ணன்பா. மூஞ்சி தெரியுது, பேசு.”

ஒரே மகன் வெற்றிச்செல்வன் தென் துருவத்தில் இருக்கிறான். காற்றிலுள்ள மின்சாரத்தை அளக்கும் வேலை. மனைவி ராஜாம்பாள் நேற்று சாயங்காலம் போய்விட்டாள். மகன் வந்து கொள்ளி வைக்கட்டும் என்று, ஐஸ் பெட்டியைத் திறக்கவிடாமல் கிழவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

“எப்ப வர்ற?”

“நவம்பர்லதான்பா ஃப்ளைட்டு. அதுவரைக்கும் யாரும் வெளிய வரமுடியாது.”

மணி பகல் இரண்டு. அவனுக்குப் பின்னால் ஜன்னலில் கும்மிருட்டு.

“பட்டப்பகல்ல எந்த ஊர்லடா இருட்டு? மெட்ராஸ்ல எவளையாவது கட்டிக்கினு குந்திகினு இருக்கியா?”

“அப்பா!” என்றாள் துர்கா.

“இங்க ரெண்டு மாசமா சூரியனே வரலப்பா.”

“செரி. அங்க மின்னல் அடிக்குமா?”

“அடிக்காது.”

“கேட்டியாடா பலராமா? மின்னலே இல்லாத ஊருக்குப் போயி மின்னலப் பத்திப் படிக்கிறானாம்.”

அரியாங்குப்பத்து மச்சினர் பலராமன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“உலகத்துல எங்க மின்னல் அடிச்சாலும் மொத்த வானத்துக்கும் கரண்ட் ஏறும்பா. அப்புறம் மழை இல்லாத ஊர்லல்லாம் காத்து வழியா கொஞ்சங்கொஞ்சமா எறங்கும். நம்மூர்ல பொகை, தூசி, கண்டுபிடிக்க முடியாது. இங்க காத்து சுத்தம். மெஷின்ல தெரியும்.”

கலியபெருமாள் ஐஸ் பெட்டியின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“நேத்து சாயங்காலம் இங்க மின்னிச்சி. ஒங்கம்மா போன நேரம். அது தெரிஞ்சிதா?”

வெற்றிச்செல்வன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “தெரியாதுப்பா. எல்லா ஊரு மின்னலும் கலந்துதான் வரும். இது நம்ம ஊருதுன்னு பிரிக்க முடியாது.”

“அப்ப என்னா மசுருக்குடா அந்த மெஷினு?”

செல்லை மகளிடமே தள்ளினார்.

“தூக்குங்கடா. நானே வைக்கிறேன்.”

பெட்டியைத் திறந்தார்கள். குளிர்ந்த கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, கொள்ளிச்சட்டியை வாங்கிக்கொண்டு அவர் முன்னால் இறங்கினார். செல்லில் மகன் “அப்பா, அப்பா” என்றான். அவர் திரும்பவில்லை.

தெருமுனையில் அண்ணாந்து பார்த்தார். மேகம் ஒன்றுகூட இல்லை. காற்று வழியாக எதுவும் இறங்குகிற மாதிரியும் தெரியவில்லை. நடந்தார்.