பாய்க்கு வெளியே ஒற்றைச் செருப்பு

தலைக்குமேல் பாய் விழுந்ததும் பெலனீசேக்கு முதலில் தோன்றியது, தன் குரல் இதற்குள்ளிருந்து எவ்வளவு தூரம் எடுபடும் என்பதுதான். அழுகையோ பயமோ அதற்குப் பிறகுதான் வந்தது. நாற்பது வருடமாக மேடை, சாவு, கல்யாணம் என்று பேசிப் பழகிய தொண்டை அப்படித்தான் நினைக்கும்.

தாழை ஓலையைப் பட்டுப்போல் கிழித்துப் பின்னிய பாய் அது. குடும்பத்தில் அதைவிட உயர்ந்த பாய் கிடையாது. அதற்குள் இரண்டு பேர் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் குடும்பத் தலைவர் லேவாசா. பெலனீசேயின் அண்ணன் மகன். ஆக்லாந்தில் கிடங்கு ஒன்றில் வண்டி ஓட்டுகிறவன், முந்தாநாள் விமானத்தில் வந்து இறங்கியிருந்தான். இன்னொருத்தி, குடும்பத்துக்காகச் சபையில் பேசுகிற பேச்சாளரான பெலனீசே. இருவருக்கும் பின்னால் வெறும் தரையில் வீட்டு ஆண்கள் வரிசையாகத் தலைகுனிந்திருந்தார்கள். அவர்கள் முன்னே விறகுக் கட்டும் அடுப்புக் கற்களும் இருந்தன. எங்களைக் கொன்று இந்தக் கல்லிலேயே சுட்டாலும் சரி என்று வாய்திறக்காமல் சொல்வதற்காக. கடைசி வரிசையில் ஃபெரெட்டி. அவன் ஓட்டிய லாரியில்தான் எதிரே இருக்கும் இந்த வீட்டின் பையன் போன வாரம் செத்துப்போனான்.

தீவு வழக்கப்படி, வீட்டுக்காரர்கள் வந்து பாயைத் தூக்கினால் மன்னிப்பு. பொழுது சாய்கிறவரை தூக்கவில்லையென்றால் எழுந்து போக வேண்டியதுதான். அதற்குப் பிறகு பையனின் அப்பா இயோபு ஃபெரெட்டியைத் தேடி வருவான். யாரும் தடுக்க மாட்டார்கள்.

"அத்தை, முட்டி போச்சு" என்றான் லேவாசா.

"வாய மூடுடா."

"தலைவர்கிட்டப் பேசற பேச்சா இது?"

"பாய்க்கு வெளிய நீங்க தலைவரு. உள்ள நீ எங்கண்ணன் மகன். காலை மடக்கி உக்காரத் தெரியாத ஆக்லாந்துக்காரன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது அவங்க இஷ்டம்."

"தூக்குனதும் நீங்க பேசிடுவீங்கல்ல? எல்லாம் தயாரா இருக்கா?"

தயாராகத்தான் இருந்தது. பவளத்திட்டு வாயிலில் அலை பார்த்து நுழையும் படகில் தொடங்கி, இந்த ஊர்த் தலைவர்களின் பட்டங்களை ஒன்றுவிடாமல் வணங்கி, கடவுள் தன் தோட்டத்துக்காக ஒரு மொட்டைப் பறித்துக்கொண்டார் என்கிற இடத்தில் குரலை இறக்கி, ஊரையே அழவைக்கிற பேச்சு. அந்த மொட்டை அவள் பல சாவுகளில் பறித்திருக்கிறாள். ஒருதடவைகூட வீண்போனதில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான் லேவாசா. "ஊர்ல யார் பேசறதுன்னு பேச்சாளருங்க போட்டி போடறப்ப எல்லாரும் உங்களுக்கு விட்டுக் குடுத்துடறாங்களே, மரியாதையிலயா?"

"வேற எதுல?"

"நீங்க நிறுத்த மாட்டீங்கன்னு அப்பா சொல்லுவாரு. அடுத்தவன் பேசறத நீங்க கேட்டுப் பாத்ததே இல்லையாம்."

"உங்கப்பன் பேசினதுல கேக்கறதுக்கு என்ன இருந்துச்சு?"

அவன் சிரிப்பை அடக்கியதில் பாய் குலுங்கியது. பின்னாலிருந்து யாரோ தொண்டையைக் கனைத்து எச்சரித்தார்கள். இருவரும் அடங்கினார்கள்.

அதற்குமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. விடிய விடியப் பாய்க்குள் வெளிச்சம் மட்டும் மெல்லப் பழுப்பாயிற்று. பார்க்க முடியாது, நகர முடியாது, பேசக் கூடாது. பெலனீசே தன் பேச்சை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப்பார்த்தாள். இரண்டாம் முறை ஓட்டும்போது நடுவில் ஒரு சத்தம் வந்து விழுந்தது.

சர்ர்ர். நிறுத்தம். சர்ர்ர்.

அரம். யாரோ வெட்டுக்கத்தியைத் தீட்டுகிறார்கள். அவசரமில்லாத கை.

"இயோபுவா?" என்று மூச்சாகக் கேட்டான் லேவாசா.

சுவரில்லாத வீடு. தூண்களுக்கு நடுவே பேசுவதெல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். கொக்கோ காய்ச்சுகிற வாசனை முதலில் வந்தது, பிறகு இரண்டு பெண்களின் குரல். ஒன்று பையனின் அம்மா சியேனி. மற்றது அவளுடைய அக்கா.

"கொஞ்சம் குடி சியேனி. வந்து உக்காந்திருக்காங்களே, கூப்பிட்டா என்ன சொல்லுவாங்க?"

"எல்லாரும் சொன்னதத்தான். கடவுள் மொட்டைப் பறிச்சுக்கிட்டாருன்னு. பாதிரியும் அதான் சொன்னாரு. அவருக்குன்னு தோட்டம் இல்லையா, என் முற்றத்துல வந்துதான் பறிக்கணுமா?"

பாய்க்குள் பெலனீசேயின் காது சூடேறியது. நாற்பது வருடமாகப் பறித்த மொட்டுகள் அத்தனையும் மடியில் வந்து கொட்டியதுபோல் இருந்தது. அந்த வீடுகளில் அவள் பேசி முடித்த பிறகு அம்மாக்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள்? அவளுக்குத் தெரியாது. பேசி முடித்ததும் அவள் கிளம்பிவிடுவாள்.

"பாதிரி பாவம், அவருக்கு என்ன தெரியும்" என்றாள் அக்கா.

"பெனியாமினா, பெனியாமினான்னு பேப்பரைப் பாத்துப் படிச்சாரு. அந்தப் பேரைச் சொன்னா அவன் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்."

"வீட்டுப் பேரைச் சொல்லியிருக்கலாம் அவர்கிட்ட."

"அதைச் சொல்லாத. யாரும் சொல்லக் கூடாது. கூப்ட்டா வந்து நிப்பான். வந்து நின்னா நான் என்ன செய்வேன்? கிழங்கு எடுத்து வெப்பனா, போன்னு சொல்லுவனா?"

அரம் மட்டும் இழுபட்டது.

வெயில் ஏறியது. லேவாசாவின் மூச்சில் களைப்பு தெரிந்தது. பெலனீசேயின் பேச்சில் படகு போயிற்று, மொட்டு போயிற்று, பெனியாமினா என்கிற பெயரும் போயிற்று. அந்த இடத்தில் வைக்க அவளிடம் ஒன்றுமில்லை. பேச்சில்லாமல் ஒரு கூட்டத்தின் முன்னால் அவள் உட்கார்ந்ததே இல்லை. அதனால் கேட்டாள். சட்டி நகர்வதைக் கேட்டாள். ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் இயோபு மூக்கை உறிஞ்சுவதைக் கேட்டாள். கத்தி தீட்டுகிறவன் அழுதுகொண்டு தீட்டுகிறான்.

அப்போதுதான் அது வந்தது.

தப். பிறகு வெறுங்கால் மண்ணில் படும் மெத்தென்ற ஓசை. தப். மறுபடி மெத்தென்று. ஒரு காலில் மட்டும் ரப்பர் செருப்பு போட்ட சின்னப் பிள்ளை நடக்கிற நடை. வீட்டுப் பக்கமிருந்து வந்து, விறகுக் கட்டைச் சுற்றி, பாயைச் சுற்றி, அவளுக்கு இடப்பக்கம் நின்றது.

எந்த வீட்டிலும் வேடிக்கை பார்க்க ஒரு பிள்ளை வரும்.

"யாருப்பா அது?" என்று பாயோடு வாயை ஒட்டிவைத்துக் கேட்டாள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள். பழைய பெலனீசே என்றால் அதற்குள் நாலு வார்த்தை சேர்த்திருப்பாள்.

"லேலே" என்றது குரல். புது ஆளிடம் பெயர் சொல்கிற கூச்சத்தோடு.

பிறகு தப், மெத், தப், மெத் என்று விலகிப் போயிற்று.

"யார்கிட்டப் பேசறீங்க?" என்றான் லேவாசா.

"உனக்குக் கேக்கல?"

"நாய்தான் சுத்திச் சுத்தி வருது."

"நாய் செருப்புப் போடுமாடா?"

அவனுடைய தோள் அவள் தோளோடு வந்து ஒட்டிக்கொண்டது.

வெயில் உச்சிக்கு வரும்போது முற்றத்தில் காலடிகள் கேட்டன. யாரோ பாயின் ஓரத்தைப் பிடித்து அவள் தலையிலிருந்து மட்டும் விலக்கினார்கள். லேவாசாமேல் அப்படியே கிடந்தது. வெளிச்சத்தில் கண் கூசியது. எதிரே இந்த ஊரின் பேச்சாளர், கையில் கோலோடு நின்றார்.

"பேசுங்க" என்றார். "பிடிக்கலன்னா கோலைத் தூக்குவேன். தூக்கினா எந்திரிச்சுப் போயிடணும்."

முற்றத்தில் பெரியவர்கள்தான் இருந்தார்கள். பிள்ளை ஒன்றையும் காணோம். தூணடியில் சியேனி உட்கார்ந்திருந்தாள். வாசல் கல்லின்மேல் ஒரு நீல ரப்பர் செருப்பு இருந்தது. ஒன்றுதான்.

பெலனீசே அந்தச் செருப்பையே பார்த்தாள். மெதுவாகத்தான் ஆரம்பித்தாள்.

"ஐயாமாரே. சொல்றதுக்குன்னு ஒண்ணு கொண்டுவந்தேன். அது இந்தப் பாய்க்குள்ளயே கிடக்கட்டும். காலையிலருந்து இந்த வீட்டைக் கேட்டுக்கிட்டிருக்கேன். கேட்டதுக்கு அப்புறம் அதைச் சொல்ல முடியல."

கோல் அசையவில்லை.

"இது கடவுள் செஞ்சதில்ல. எங்க ஃபெரெட்டி செஞ்சது. வண்டி ஓட்டறப்ப ரோட்டைப் பாக்காம போனைப் பாத்தான். நாங்க வளத்த பையன். அவன் கண்ணை ரோட்டுல வெக்கச் சொல்லித்தராதது நாங்க."

பின்வரிசையில் ஒரு விம்மல் கேட்டது. அரம் நின்றது.

"உங்க பிள்ளைக்குக் காகிதத்துல ஒரு பேரு இருக்கு. அதைச் சொன்னா அவன் திரும்பிப் பாக்க மாட்டான். எந்தப் பேருக்குத் திரும்புவானோ…"

தப்.

அவளுக்கு இடப்பக்கம், மிக அருகில். பெலனீசே நிறுத்தினாள். கூட்டம் காத்திருந்தது. ஊர்ப் பேச்சாளரின் கை கோலை இறுக்கியது. நடுவில் தடுமாறி நிற்கிறவரை எந்த முற்றமும் மன்னிக்காது. அந்தப் பெயரை மட்டும் உரக்கச் சொன்னால் போதும், மொத்த வீடும் உடைந்து அழும். அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. தூணடியில் சியேனி தலையைத் தூக்கி இவளையே பார்த்தாள்.

பெலனீசே அதை விழுங்கினாள்.

"அந்தப் பேரைச் சொல்ற யோக்கியதை எங்களுக்கு இல்ல. அது அவங்கம்மாவோடது. அவ்வளவுதான் ஐயா. இனி நீங்க பேசுங்க, நாங்க கேக்கறோம்."

அவள் வாழ்க்கையிலேயே அதைவிடச் சின்னப் பேச்சு பேசியதில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

கனமான காலடிகள் வீட்டிலிருந்து இறங்கி வந்தன. மூக்கை உறிஞ்சுகிற ஓசை. பாய்க்குள் லேவாசா மூச்சைப் பிடித்துக்கொண்டது அவளுக்குக் கேட்டது. இயோபு கத்தியை விறகுக் கட்டின்மேல் வைத்தான். இரண்டு கையாலும் பாயைத் தூக்கினான்.

"எந்திரிங்க" என்றான். "வெயிலு ஏறிடுச்சு."

வீட்டுக்குள் உட்காரவைத்து கொக்கோ கொடுத்தார்கள். ஊர்ப் பேச்சாளர் கடுமையாகத்தான் பேசினார். கடைசி வார்த்தைவரை பெலனீசே கேட்டாள். அவர் முடித்ததும் சியேனி நகர்ந்து வந்து அவள் பக்கத்தில் அமர்ந்தாள்.

"பேசறப்ப நடுவுல நிறுத்தினீங்களே. என்ன கேட்டுச்சு?"

பெலனீசே அவள் காதில் அந்தப் பெயரைச் சொன்னாள்.

சியேனி கூச்சல் போடவில்லை. கையிலிருந்த கோப்பையைத் தரையில் வைக்க மட்டும் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

"செருப்பு ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதாம்மா."

"இன்னொண்ணு கிடைக்கல. ரோட்டோரம் முழுக்கத் தேடினோம். அதான் தூங்க மாட்டேங்கறான்."

கடைசியில் உட்கார்ந்திருந்த ஃபெரெட்டி முழங்காலிலேயே ஊர்ந்து வந்தான். இடுப்புத் துணியின் மடிப்பை அவிழ்த்தான். நீல ரப்பர் செருப்பு. வார் கழன்று, ஓரத்தில் எண்ணெய்க் கறை.

"லாரிக்கு அடியில இருந்துச்சு" என்றான். "எங்க வெக்கறதுன்னு தெரியல."

"இவ்வளவு நாளா இடுப்புலயா வெச்சிருந்த?" என்றான் இயோபு.

ஃபெரெட்டி தலையசைத்தான். சியேனி அதை வாங்கி, வாரைத் துளைக்குள் செருகி, வாசல் கல்லில் மற்றதன் பக்கத்தில் வைத்தாள். இடது, வலது மாறாமல்.

விடைபெற்று நடந்தார்கள். வேலியைத் தாண்டியதும் லேவாசா முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "அத்தை, அவ்வளவு சின்னதா…" என்று ஆரம்பித்தான்.

"பேசாம வா."

"ஏன்?"

"கேளு."

தப், தப், தப், தப். இரண்டு காலிலும் செருப்பு. ஓடிவருகிற பிள்ளை. அவர்கள் பின்னாலேயே தென்னைகளுக்கு நடுவே வந்தது. இப்போது லேவாசாவுக்கும் கேட்டது. ஃபெரெட்டி காதைப் பொத்திக்கொண்டு முன்னால் ஓடிவிட்டான்.

எதிரே ரோடு. வளைவில் ஏதோ லாரி வருகிற உறுமல்.

பெலனீசே நின்றாள். திரும்பினாள். பாதையில் வெயிலும் தென்னை நிழலும்தான் கிடந்தன. குரலை உயர்த்தாமல், பாய்க்குள்ளிருந்து யாரென்று விசாரித்த அதே அளவில் சொன்னாள்.

"ரோட்டுக்கு வராத, லேலே. வீட்டுக்குப் போ. அம்மா கிழங்கு எடுத்து வெச்சிருப்பா."

சொல்லிவிட்டு, பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். லாரி அவள் முதுகுக்குப் பின்னால் கடந்து போயிற்று. தூசி அடங்கிற்று.

தப். தப். மெதுவாக, மனசில்லாமல், வந்த வழியே. அது முற்றத்தைத் தொடுகிறவரை அவள் நகரவில்லை.