பூச்செடியும் மகிழங்கன்றும்

அக்டோபர் மழைக்காற்றில் பக்கத்து வீட்டு மாமரம் சாய்ந்து விழுந்தபோது, கூரை தப்பியதே என்றுதான் தர்மலிங்கம் நினைத்தார். இத்தனை வருடமும் அந்த மரம்தான் தன் வீட்டுக்கு நிழல் தந்தது என்பது ஜனவரி வெயில் வந்த பிறகே அவருக்கு உறைத்தது.

குருண் ஊரில், தாமான் என்று சொல்லும் வரிசை வீட்டுக் குடியிருப்பின் கடைசி வரிசையில், மேற்குப் பார்த்த வீடு. மூன்று மணிக்கு மேல் ஜெராய் மலைப் பக்கமிருந்து வரும் வெயில் கார் நிறுத்தும் இடத்தைத் தாண்டி முன்கூடம் வரை வந்து விழும். மற்றவர்களுக்கு அது வெறும் புழுக்கம். அவர் மனைவி பிரேமாவதிக்கு அப்படியல்ல. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டு இரண்டு வருடமாகிறது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் சுங்கைப்பட்டாணியில் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீருக்கு மேல் குடிக்கக்கூடாது. காலையிலேயே ஒரு போத்தலில் அளந்து வைத்துக்கொள்வாள். வெயில் ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்போது ஒரு துண்டு ஐஸை வாயில் அடக்கிக்கொண்டு, பின்கட்டில் துணி துவைக்கும் மூலையில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

முப்பது வருடம் உர லாரி ஓட்டியவர் தர்மலிங்கம். இப்போது மனைவியை டயாலிசிஸ் சென்டருக்குக் கொண்டுபோய்த் திரும்பிக் கூட்டி வருவது மட்டும்தான் ஓட்டம். அவள் பின்கட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு புதன்கிழமை ஜெனியாங் சாலையிலிருக்கும் ஜைனலின் செடிக்கடைக்குப் போனார். மரம் வாங்கத்தான் போனார்.

"நெழலுக்குன்னா மகிழம் எடுங்கண்ணே," என்றான் ஜைனல். நாற்பது வயதிருக்கும், தகப்பன் காலத்துக் கடை. "மலாய்க்காரங்க தஞ்சோங்னு சொல்வாங்க. இலை நல்லா அடர்த்தியா நிக்கும், சட்டுனு கொட்டாது. ஆனா மெதுவாத்தான் வளரும்."

"மெதுவான்னா?"

"வீட்டு முன்னால முழுசா நெழலு விழணும்னா அஞ்சு வருஷமாவது ஆவும். ஒடனே கண்ணுக்கு ஏதாச்சும் வேணும்னா இந்தக் காகிதப்பூவ எடுத்துட்டுப் போங்க. வெயில் எவ்வளவு அடிக்குதோ அவ்வளவு பூக்கும். தண்ணிகூட அதிகம் கேக்காது. நெழலுதான் தராது."

ஐந்து வருடம். தர்மலிங்கம் கையிலிருந்த கன்றைக் கீழே வைத்தார். சென்டர் வாசலில் காத்திருந்த இரண்டு வருடத்தில் மூன்று பேர் வராமல் போனதைப் பார்த்திருந்தார். கடைசியாகப் போனவர் மெர்போக் ஊரிலிருந்து வந்த வாத்தியார். ஒரு சனிக்கிழமை இவரோடு நின்று பந்து விளையாட்டைப் பற்றிப் பேசிவிட்டுப் போனவர். அடுத்த வாரமே அவருடைய நேரத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

"அவ்வளவு நாள் இல்ல தம்பி," என்று சொல்லிவிட்டு, பூத்துக் குலுங்கிய மூன்று காகிதப்பூத் தொட்டிகளைக் காரில் ஏற்றினார்.

பிரேமாவதி வாசலில் நின்று பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு. மரம்னு சொன்னீங்களே?"

"வேரு போயி லோங்காங்க உடைச்சிருமாம். எதுக்கு வம்பு?"

அவள் சாலையோரச் சாக்கடையை ஒரு தரம் பார்த்தாள். அது வாசலிலிருந்து தள்ளியே இருந்தது.

பூச்செடிக்கு அந்த இடம் மிகவும் ஒத்துப்போனது. வெயில் ஏற ஏற அதற்குக் கொண்டாட்டம். தாமானில் நடக்கப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பிரேமாவதி மட்டும் மூன்று மணியானால் பின்கட்டுக்குப் போய்விடுவாள். முன்கதவைச் சாத்திவிட்டுத்தான் போவாள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, சென்டரிலிருந்து திரும்பும் வழியில் அவள், "ஜைனல் கடைக்கு விடுங்க," என்றாள்.

"களைப்பா இருக்கே, இன்னொரு நாளைக்கிப் போவோம்."

"அஞ்சு நிமிஷம்லா."

ஜைனல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டான். அவள் உட்கார்ந்தவுடன் நேராகவே கேட்டாள். "மகிழமரத்து வேரு லோங்காங்க உடைக்குமா தம்பி?"

"பத்தடி தள்ளி வச்சா ஒண்ணும் செய்யாதுக்கா. அண்ணன்கிட்ட நான் வேரப் பத்தியே பேசலையே. அஞ்சு வருஷமாவும்னு சொன்னேன். அவ்வளவு நாள் இல்லன்னு சொல்லிட்டு அவருதான் பூவ..."

பேசிக்கொண்டே வந்தவன் அவள் இடது கையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பஞ்சுக் கட்டைப் பார்த்தான். பேச்சை நிறுத்திவிட்டு, தண்ணீர்க் குழாயை அடைக்கப் போவதுபோல் உள்ளே போனான்.

பிரேமாவதி எழுந்து போய்க் காரில் உட்கார்ந்தாள். தர்மலிங்கம் பின்னாலேயே வந்து ஏறினார். சாவியைப் போட்டார், திருப்பவில்லை.

"எனக்கு அஞ்சு வருஷம் இல்லன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"அப்படி இல்ல பிரேமா."

"பின்ன எப்படி?"

ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே பேசினார். "வாத்தியார் போனதுலேருந்து எனக்கு மனசு சரியில்ல. நீ உள்ள இருக்குற நாலு மணி நேரமும் நான் வெளிய உக்காந்து, யாரு வந்தா யாரு வரலன்னுதான் பாத்துக்கிட்டு இருக்கேன். மரத்த வச்சு, தண்ணி ஊத்தி, அது பெருசாகி, கடைசியில அது அடியில நான் மட்டும் உக்காந்திருந்தா? என்னால முடியாது. பூன்னா நீ இப்பவே பாக்கலாம்ல."

அவருக்குக் குரல் உடைந்தது. இரண்டு வருடத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அவள் கோபம் பாதி அங்கேயே நின்றுவிட்டது.

"பயமா இருக்குன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாம்," என்றாள். "பூவ வாங்கிப் போட்டு மூடிட்டீங்க. எனக்கும்தான் பயமா இருக்கு. ஊசிய ஏத்துறப்ப ஒவ்வொரு தடவையும் பயம்தான். ஆனா எனக்குப் பக்கத்துப் படுக்கையில ஒரு சீனத்து அக்கா இருக்காங்க. பன்னெண்டு வருஷமா வராங்க. போன மாசம் பேத்தி கல்யாணத்துக்கு ஈப்போ வரைக்கும் போயிட்டு வந்தாங்க. அவங்கள எண்ணுனீங்களா?"

"அவங்கள எனக்குத் தெரியாதே."

"வராம போனவங்களத்தான் பாத்தீங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவளே கதவைத் திறந்து இறங்கி, தன் இடுப்புயரம் இருந்த ஒரு மகிழங்கன்றைக் காட்டினாள். ஜைனல் அதைப் பின்னிருக்கையில் சாய்த்து வைத்தான். கூடவே ஒரு சுருள் கறுப்பு நிழல்வலையையும் வைத்தான். "மரம் வளர்ற வரைக்கும் இதக் கட்டிக்குங்கக்கா," என்றான். அவள் முகத்தை அவனால் நேராகப் பார்க்க முடியவில்லை. அவளாகவே, "நல்ல வேளையா நீ சொன்ன தம்பி," என்றாள்.

மறுநாள் காலை அவள் நாற்காலியில் உட்கார்ந்து இடம் காட்ட, அவர் தோண்டினார். வீடு கட்டியவர்கள் புதைத்துவிட்டுப் போன உடைந்த கல்லும் சிமெண்டும்தான் ஓரடி ஆழத்துக்கு வந்தன. எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிட்டு நல்ல மண் போட்டு நட்டபோது மணி பதினொன்று.

"அந்தப் பூத்தொட்டிங்கள எடுத்துடவா?" என்று கேட்டார்.

"எதுக்கு? அது என்ன தப்பு பண்ணிச்சு? வாசல் கேட்டோரமா வைங்க, படரட்டும்."

ஏப்ரலில் அவளுக்கு ரத்தத்தில் கிருமி சேர்ந்து காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முதல் மூன்று நாள் அவளுக்கு ஆள் அடையாளமே சரியாகத் தெரியவில்லை. அவர் குளிக்க மட்டும் வீட்டுக்கு வருவார். வந்தால் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றாமல் போகமாட்டார். ஆறாம் நாள் வாசலில் நின்றே அவளுக்கு போன் செய்தார்.

"ரெண்டு புதுத் துளிர் விட்டிருக்கு."

மறுமுனையில் அவளுக்கு மூச்சு வாங்கியது. பிறகு, "ரெண்டுதானா? நல்லா பாருங்க," என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். மூன்றாவது ஒன்று அடியில் இருந்தது. அதையும் சொன்னார்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. மகிழம் இப்போது தர்மலிங்கத்தின் தலைக்கு மேல் ஒரு சாண் நிற்கிறது. முன்கூடத்துக்கு மறைப்பாகக் கட்டிய நிழல்வலையை இன்னும் அவிழ்க்கவில்லை. அவிழ்க்க நாள் இருக்கிறது. நாலரை மணிவாக்கில் ஒரு நாற்காலி போடும் அளவுக்கு மரத்தின் நிழல் தரையில் விழுகிறது. பிரேமாவதி அதில் உட்கார்ந்து, மறுநாள் சமையலுக்குக் கீரை ஆய்வாள். அவர் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, பாதி வெயிலில் பாதி நிழலில் உட்கார்ந்திருப்பார்.

"முதுகு காயுது பாருங்க. இந்தப் பக்கம் நகருங்க," என்பாள் அவள்.

அவர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.